ஊர்ப் பயத்தைத் தாங்கிய பிராக்கெட்

சொல்கிறவன் கூட்டினாலும் குறைத்தாலும் கல்லாங்கோம்பை அங்கேயேதான் இருக்கிறது, பொன்னூத்து மலையின் காலடியில், மலைப்பாதை தரையைத் தொட்டு மூச்சு வாங்குகிற இடத்தில். அந்த ஊர்ச் சந்தைக்கு எதிரே தகரக் கூரை போட்ட வெல்டிங் பட்டறை வைத்திருந்த அங்கமுத்து, சுற்றுவட்டாரத்துக்கே பொதுவான பயந்தாங்கொள்ளி. பல்லி கத்தினால் பயம், கத்தாவிட்டால் ஏன் கத்தவில்லை என்று பயம். போன் அடித்தால் பயம், அடித்து நின்றுவிட்டால் அதைவிடப் பயம். கூரைமேல் காக்கா உட்கார்ந்தால் கூரை தாங்குமா என்று வெளியே வந்து அண்ணாந்து பார்ப்பான். ஆனால் அவன் பற்றவைத்த இரும்பு பிரிந்ததாகச் சரித்திரம் கிடையாது. பயந்தவன் ஒரு தடவை வைக்க வேண்டிய பற்றை மூன்று தடவை வைப்பான், சுத்தியலால் தட்டிப் பார்ப்பான், வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கைவைத்த பிறகும் எழுந்து வந்து இன்னொரு தட்டுத் தட்டிவிட்டுப் போவான்.

அவன் தங்கை மாதேஸ்வரியைக் கட்டியவன் தீர்த்தகிரி. மலைக்கு ஆள் ஏற்றிப்போய் பலாவும் வாழையும் இறக்கிவருகிற பிக்கப் வண்டிக்காரன். போன கார்த்திகையில் அந்த வண்டியைத் தாழ்த்த வேண்டும் என்று அவனுக்கு ஓர் ஆசை வந்தது. மலைப் பொம்பளைகள் முழங்கால் வலியோடு ஏற முடியாமல் தவிக்கிறார்கள் என்று ஊருக்குச் சொன்னான். தரையை நக்கிக்கொண்டு போகிற வண்டிகளைப் போனில் பார்த்துப் பார்த்து மனசு கெட்டுப்போனதுதான் உள்ளபடியான காரணம். எப்படியோ ஸ்பிரிங்கை வெட்டி, வண்டியைப் படுத்த எருமை மாதிரி ஆக்கிக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"எப்புடி மச்சான்?"

"மாப்ள, இது போற வண்டியா, ஊர்ற வண்டியா?" என்றான் அங்கமுத்து. குனிந்து அடியில் பிராக்கெட்டைத்தான் முதலில் பார்த்தான். சக்கரத்தைப் பிடித்திருப்பது ஒரு கை என்றால், அந்தக் கை வண்டியின் உடம்போடு சேர்கிற தோள்மூட்டுத்தான் பிராக்கெட்; வண்டியின் அடிச்சட்டமான சேஸில் பற்றவைத்த இரண்டு இரும்புக் காது, நடுவே ஒரு ரப்பர் புஷ், ஒரு போல்ட்டு, அவ்வளவுதான். வண்டியைத் தாழ்த்தினால் கை கோணிக்கொள்ளும். குழியில் விழுகிற ஒவ்வொரு அடியும் அந்தக் காதில் போய் அறையும்.

தை பிறப்பதற்குள் அறைந்தும்விட்டது. இடது பக்கத்துக் காது கிழிந்து தொங்க, தீர்த்தகிரி வண்டியை இழுத்துக்கொண்டு வந்தான். அதிலொன்றும் அதிசயம் இல்லை. வண்டி காலியாக வந்ததுதான் அதிசயம். ஒரு பழம் இல்லை, ஒரு மூட்டை இல்லை, ஆனால் சரளைக்கல் ஏற்றினதுபோல் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது. சந்தை எடைமேடையில் ஏற்றிப் பார்த்தார்கள்; ஏதோ பாறையை ஏற்றியிருக்கிற மாதிரி முள் ஓடிப்போய்க் கடைசியில் நின்றது. எடைபோடுகிறவர் வண்டியின் பின்தொட்டியைக் குனிந்து பார்த்தார், அதில் ஒரு காய்ந்த வாழைச் சருகு கிடந்தது, அவர் அந்தச் சருகையும் எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி எடை பார்த்தார்.

பாரம் என்னவென்று ஊருக்குத் தெரிந்துபோக அதிக நாளாகவில்லை. அந்த வண்டியில் மலையிலிருந்து மிளகோடு இறங்கிய ஒரு மருமகள், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமியார் முன்னால் நின்றுகொண்டே தின்று பழகியவள், அன்றைக்கு வீட்டுக்குப் போய் நடுக்கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "அத்தே, இன்னும் கொஞ்சம் குழம்பு" என்று தட்டை நீட்டினாள். நாயைக் கண்டால் நாலு தெரு சுற்றிப் போகிற வாத்தியார், இறங்கின கையோடு சந்தை நாயின் காதைப் பிடித்துத் திருகி அதற்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார். குடலிறக்க ஆபரேஷனைப் பல வருஷம் தள்ளிப்போட்ட தறிக்காரர் ஒருவர், பாடிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குள் போய்ப் பாடிக்கொண்டே வெளியே வந்தார். இவர்கள் எல்லோரும் வண்டியின் பின்தொட்டியில் உட்கார்ந்து வந்தவர்கள். இறங்கும்போது லேசாக இறங்கினார்கள், அவர்கள் விட்ட கனம் வண்டியில் தங்கிவிட்டது.

டீக்கடை ஜபருல்லா பாய் இதற்கெல்லாம் வாயைப் பிளக்கிற ஆள் இல்லை. "ஏன்யா, பஸ்ஸுல குடைய மறந்துட்டு எறங்குறதில்லையா? அது மாதிரி இதுல பயத்த மறந்துட்டு எறங்குறானுங்க. 'ஐயா, உங்க சாமான்'னு எடுத்துக் குடுக்கக் கண்டக்டரா இருக்கான்?" என்றார். அதற்குப் பிறகு அதைப்பற்றி ஊரில் யாரும் கேள்வி கேட்கவில்லை. எப்படி என்று கேட்கவில்லை, எப்போது வண்டி எடுப்பார்கள் என்று மட்டும் கேட்டார்கள்.

பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் ஏறினார்கள். தாலி கட்டப்போகிற பெண்ணும், அவளைவிட நடுங்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளையும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்வந்தார்கள். பஸ் பிடித்து அயலூர்க்காரர்கள் வந்தார்கள், வந்து இறக்கிவைத்துவிட்டு அதே பஸ்ஸில் கைவீசிக்கொண்டு போனார்கள். தொட்டியின் கதவுக்கு யாரோ சந்தனம் பூசினார்கள், யாரோ எலுமிச்சம்பழம் கட்டினார்கள். பஞ்சாயத்துத் தலைவி இராசாத்தியம்மாள் கூட்டம் போட்டு, காலையில் பெண்கள், மாலையில் ஆண்கள், இந்த வண்டியில் இனிமேல் சரக்கு ஏற்றக்கூடாது என்று முடிவு சொன்னாள். சரக்கு ஏற்றக்கூடாது என்றதற்குக் காரணம் இருந்தது: அதில் வந்த பலா பழுக்க மறுத்தது, வந்த கோழிகள் முட்டையைப் பாதியில் அடக்கிக்கொண்டன.

பிராக்கெட்டோ கிழிந்துகொண்டே இருந்தது. மலை இறக்கத்தில் வண்டியின் பாரமெல்லாம் முன்னால் சாயும். பயம் எப்போதுமே முன்னால் சாய்கிற சரக்கு. அங்கமுத்து பழைய காதை அறுத்தெடுத்துவிட்டு, கனமான பிளேட்டு வாங்கி வெட்டி, மடித்து, புஷ்ஷுக்குத் துளை போட்டு, புள்ளிப்பற்று வைத்து, மூலைமட்டம் பிடித்துப் பார்த்து, பிறகு முழுப்பற்று வைத்தான். அது கிழிந்தது. அதைவிடக் கனமான பிளேட்டில் செய்தான். அதுவும் கிழிந்தது. காதுக்கு முதுகில் முக்கோண முட்டுக் கொடுத்தான். கொஞ்ச நாள் தாங்கிற்று, அப்புறம் முட்டோடு சேர்த்துக் கிழித்துக்கொண்டு வந்தது.

அத்தனை தாழ்ந்த வண்டிக்கு அடியில் ஆள் போக முடியாது என்பதால் பட்டறையின் நடுவே நெஞ்சளவுக்கு வெட்டின குழியில் இறங்கித்தான் வேலை. அங்கே நின்று அண்ணாந்து பார்த்தால் தொட்டியின் அடித்தகரம் தலைக்கு மேலே ஈரமாக இருக்கும். மழை கிடையாது, தண்ணீர் கிடையாது, தகரம் வியர்த்திருந்தது. ஒரு சொட்டு அவன் புறங்கையில் விழுந்தபோது, தான் எழுதியே இராத ஒரு கணக்குப் பரீட்சையில் மூன்றாவது கேள்விக்கு விடை தெரியவில்லை என்று அவனுக்கு அடிவயிறு சில்லிட்டது. துடைத்தான், போய்விட்டது. இன்னொரு சொட்டு கழுத்தில் விழுந்தது. இருட்டில் யாரோ தாழ்ப்பாளை வெளியிலிருந்து போடுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அவன் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டுதான் குழிக்குள் இறங்கினான்.

"நீயும் ஒரு தடவ ஏறி உக்காருண்ணா," என்று மாதேஸ்வரி சொன்னாள். "பொறந்ததுலருந்து நடுங்கிட்டே கெடக்குற. எனக்கே பாக்கப் பாவமா இருக்குது."

"நானும் ஏறிட்டா அப்புறம் எவன் தட்டிப் பாக்குறது?" என்றான்.

அவள் ஏறிவிட்டிருந்தாள். அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்த பெண் குழந்தை தேனுவை மடியில் வைத்துக்கொண்டு ஏறியிருந்தாள், அதனால் குழந்தைக்கும் சேர்த்துப் போய்விட்டிருந்தது. மாசி முடிவதற்குள் தீர்த்தகிரியும், வண்டியோட்டுகிறவன் மட்டும் என்ன பாவம் செய்தான் என்று, ஒரு நாள் ஸ்டியரிங்கை வேறொருவனிடம் கொடுத்துவிட்டுத் தொட்டியில் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்வந்தான். மறுநாளிலிருந்து கொண்டைஊசி வளைவுகளில் அவன் ஹாரன் அடிப்பதில்லை.

அங்கமுத்து கண் திறந்து ஊரைப் பார்த்தது அதற்குப் பிறகுதான். லைன்மேன் கையுறையைக் கழற்றித் தொங்கவிட்டுவிட்டுக் கம்பத்தில் ஏறினார், மின்சாரம் அவரைத் தூக்கிக் கரும்புக்காட்டில் எறிந்தது, அவர் எழுந்து சிரித்துக்கொண்டே மறுபடி ஏறினார். பிள்ளைகள் புற்றுக்குள் கைவிட்டு யார் கை அதிக தூரம் போகிறது என்று பந்தயம் கட்டினார்கள். ரோட்டைக் கடக்கிறவர்கள் இருபுறமும் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். ஊருக்குள் 'பாத்து' என்ற சொல்லே காணாமல் போயிற்று. பாத்துப் போ, பாத்து வா, பாத்துப் பிடி என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. அந்தச் சொல் இல்லாத ஊர் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று உணர்ந்தபோது அவனுக்குக் காதுக்குள் ஐஸ் வைத்தது போலிருந்தது.

ஒரு மதியம் தங்கை வீட்டுக்குப் போனான். மாதேஸ்வரி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். தேனு கிணற்றுச் சுவரின்மேல் உட்கார்ந்திருந்தாள், கிணற்றுப் பக்கமாகக் காலைத் தொங்கவிட்டு, உள்ளே தெரிகிற வானத்தைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டு. கூப்பிட்டால் திரும்புவாள், திரும்பினால் சரிவாள். அங்கமுத்து செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பூனைகூட அப்படி நடந்திருக்காது, அப்படி நடந்துபோய்ப் பின்னாலிருந்து குழந்தையை அள்ளி நெஞ்சில் போட்டுக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"என்ன பண்ணி வச்சிருக்க, மாதேசு!"

"அழுதா, உக்கார வச்சேன். தண்ணி பாத்தா சிரிக்கிறா," என்றாள் அவள், சோப்பு நுரை வழிகிற கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அன்பாகச் சிரித்தபடி. "விழமாட்டாண்ணா. நீ ஏன் பதறுற?"

அவன் தங்கையின் முகத்தைப் பார்த்தான். அவன் வளர்த்த முகம்தான், அதே மூக்குத்திதான். ஆனால் கண்ணுக்குப் பின்னால் யாரும் காவலுக்கு இல்லை. குழந்தை விழுந்தாலும் அவள் இதே போலச் சிரித்துக்கொண்டு, "விழுந்துட்டாண்ணா" என்று சொல்லுவாள் என்பது அவனுக்குத் தெரிந்துபோயிற்று.

சித்திரைப் பொங்கலுக்கு மலைக்கோயிலுக்குப் போகவேண்டும் என்று ஊர் கூடி முடிவெடுத்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை எல்லாம் தொட்டியில் ஏற்றி, மாதேஸ்வரியும் தேனுவும் முன்சீட்டில் உட்கார, தீர்த்தகிரி ஓட்டுவதாக ஏற்பாடு. "அதுக்குத் தகுந்தாப்புல ஒரு பிராக்கெட்டு அடி மச்சான், எவனாலயும் பிரிக்க முடியாத மாதிரி" என்றான் தீர்த்தகிரி.

அங்கமுத்து அடித்தான். இங்கேதான், கேட்டுக்கொள்ளுங்கள், அந்தக் கைகாரன் கைத்தப்புச் செய்தான். பிராக்கெட் பிரிந்தால்தானே வண்டி உருளும், பிரியாத பிராக்கெட் செய்துவிட்டால் தங்கை பிழைத்தாள் என்று பயத்தில் எண்ணி, அரை அங்குல பிளேட்டில் காது வெட்டி, நாலு பக்கமும் பெட்டி மாதிரி மூடி, முட்டுக்கு முட்டுக் கொடுத்து, சேஸைச் சுற்றிச் சட்டை போட்டது போலப் பட்டையடித்து, பற்றின்மேல் பற்று வைத்தான். மலைக்குப் போய்வந்தது வண்டி, பிரியவில்லை. பிறகும் போய்வந்தது, பிரியவில்லை. ஊரே மெச்சியது. அங்கமுத்து குழிக்குள் இறங்கி, சாக்கை விலக்கி, டார்ச் அடித்துப் பார்த்தான். பிராக்கெட் மலை மாதிரி நின்றது. அதற்கு ஒரு விரல் தள்ளி, அவன் கையே படாத சேஸில், தலைமுடி போல ஒரு கீறல் ஓடியிருந்தது.

அவன் அந்தக் கீறலை நகத்தால் நிரடிப் பார்த்தான். ஓர் இணைப்பைப் பலப்படுத்தினால் அதன் பாரம் பக்கத்து இரும்புக்குப் போகும் என்பது வெல்டிங் ராடு பிடிக்கிற எவனுக்கும் முதல் மாசத்தில் தெரிகிற பாடம். காது கிழிந்தால் சக்கரம் சாயும், வண்டி நிற்கும். சேஸ் போனால் வண்டி இரண்டாகும், அதுவும் இறக்கத்தில், வளைவில்தான் ஆகும். இத்தனை நாளும் கிழிந்து கிழிந்து ஊரைக் காப்பாற்றிக்கொண்டிருந்த ஒன்றை, கிழியாதபடி ஆக்கிவிட்டான்.

ஓடினான். தீர்த்தகிரியிடம் சொன்னான்: "மாப்ள, சேஸு கீறியிருக்குது."

"கீறுனா கீறட்டும் மச்சான்."

"பிள்ளைங்களோட ரெண்டா போயிரும்!"

"போனா போகட்டும்," என்று தோளில் தட்டிக்கொடுத்தான். டீக்கடைக்கு ஓடினான். ஜபருல்லா பாய், கொதிக்கிற பாலில் விரலை விட்டுச் சூடு பார்த்துக்கொண்டே, "வந்தா வரட்டும், உக்காரு, டீ சாப்டு" என்றார். இராசாத்தியம்மாள் வீட்டுக்கு ஓடினான், அவள் முழுசும் கேட்டாள், தலையாட்டினாள், "சரி, அப்ப காலையில நேரத்தோட கெளம்பிரலாம்" என்றாள். நெருப்பு சுடும் என்று சொன்னால், சூடு உறைக்காத கைக்கு என்ன புரியும்? ஊரில் மிச்சமிருந்தது ஒரே ஒரு பயம், அதை வைத்துக்கொண்டு அவன் தெருத்தெருவாக அலைந்தான், தீக்குச்சியை வைத்துக்கொண்டு ஈரவிறகுக் கட்டை சுற்றிவருகிறவனைப் போல.

கடைசியில் அவனுக்கு ஒன்று விளங்கியது. மலையில் உடையப்போவதைத் தரையில் உடைக்க வேண்டும். இதுவரை காது கிழிந்தபோது வண்டி சாய்ந்து நின்றதோடு சரி; குழிமேல் தடாலென்று விழுந்தால், வியர்த்து ஒழுகுகிற தொட்டியிலிருந்து பயமெல்லாம் இங்கேயே இறங்கிவிடும். மறுபடி அந்த மருமகள் நின்றுகொண்டே தின்பாள், மறுபடி பிள்ளைகள் பரீட்சைக்கு வாந்தியெடுக்கும். ஊர் அவனைச் சபிக்கும், சபிக்கட்டும் என்று கிரைண்டருக்குப் புதுத் தட்டு மாட்டினான்.

பொங்கலன்று காலை வண்டி கிளம்புவதற்கு முன், "ஒரு கடைசிப் பத்து வச்சுக் குடுத்தர்றேன்" என்று சொல்லி வண்டியைக் குழிமேல் நிறுத்தச் சொன்னான். பிள்ளைகளும் ஊரும் பட்டறை வாசலில் புதுத்துணியோடு நின்றார்கள். கிரைண்டரை எடுத்துக்கொண்டு அவன் உள்ளே இறங்கினான், தன் கையால் மூடிய பெட்டியைத் தன் கையால் அறுக்கத் தொடங்கினான். முட்டு போயிற்று. பட்டை போயிற்று. காதில் இன்னும் ஒரு விரல் அகலம் மிச்சம் இருக்கும்போது இரும்பு தானாகவே முனகத் தொடங்கியது. கிரைண்டரை நிறுத்தினான். முனகல் நிற்கவில்லை.

அப்போதுதான் பார்த்தான். வண்டிக்கும் தரைக்கும் நடுவே இருந்த அந்தச் சாண் இடைவெளியில், பொறி பறந்த இடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, தேனு தவழ்ந்து வந்துகொண்டிருந்தாள்.

"மாதேசு! பிள்ளைய எடு! எடு!"

சக்கரத்துக்கு அந்தப் பக்கம் தங்கையின் பாதம் தெரிந்தது, கொலுசு தெரிந்தது. அந்தப் பாதம் அசையவில்லை. "உங்கிட்டதாண்ணா வர்றா," என்றாள் சிரிப்போடு. "மாமன்னா அவளுக்கு உசுரு."

இந்தக் காது பிரிந்தால்தான் அவளுக்குப் பயம் திரும்பும். பயம் திரும்பினால்தான் அவள் பிள்ளையை இழுப்பாள். காது பிரிந்துவிட்டாலோ இழுப்பதற்குப் பிள்ளை இருக்காது. அங்கமுத்து ஒரு தோளைச் சக்கரத்தின் இரும்புக் கைக்கு அடியில் கொடுத்தான், ஊர்ப் பயத்தை எந்தத் தோள் தாங்கும், கொடுத்தான் இருந்தாலும். தகரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக முகத்தில் விழுந்தது, ஒவ்வொரு சொட்டிலும் யாரோ ஒருவரின் நெஞ்சு அடித்தது. "வா சாமி, வா தங்கம், மாமங்கிட்ட வா" என்று, பல் கிட்டிக்கொண்ட வாயால், உலகத்தில் இல்லாத இனிமையான குரலில் கூப்பிட்டான். குழந்தை நின்றது. கீழே கிடந்த ஒரு நட்டை எடுத்து வாயில் வைக்கலாமா என்று யோசித்தது. பிறகு மாமனையே தேர்ந்தெடுத்து இன்னும் ஒரு முழம் வந்தது. அவன் எட்டிக் கணுக்காலைப் பிடித்து, குழிக்குள் இழுத்து, தன் வயிற்றுக்குள் மடித்துக்கொண்டு கீழே உட்காரவும், காது பிரிந்தது.

வண்டி குழிமேல் மூடியாக விழுந்தது. வெளிச்சம் போயிற்று. தொட்டியிலிருந்ததெல்லாம் இறங்கியது. பரீட்சைகள் இறங்கின, தாழ்ப்பாள்கள் இறங்கின, ஆஸ்பத்திரி வெள்ளை விளக்குகளும் முதலிரவுக் கதவுகளும் நாய்ப் பற்களும் மாமியார்களின் இருமலும், எந்தெந்த ஊரிலோ பஸ் ஏறிப் போய்விட்டவர்களின் பெயர் தெரியாத நடுக்கங்களும், எல்லாம் அந்த இருட்டுக்குள், அவன் முதுகின் வழியாக, தங்கள் தங்கள் ஆளைத் தேடிக்கொண்டு போயின. அவன் கத்தவில்லை. கத்துவதற்கு வாயைத் திறந்தால் உள்ளே போய்விடுமோ என்று அதற்கும் பயந்தான். அவன் வயிற்றுக்குள் தேனு ஒரு கணம் சும்மா இருந்தாள். பிறகு அவன் சட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீறிட்டு அழுதாள். அது பயந்த குழந்தையின் அழுகை.

மேலே ஒரு குரல் கேட்டது. மாதேஸ்வரியின் குரல்தான், ஆனால் அப்படி ஒரு குரல் அவளுக்கு இருப்பதை அண்ணன்கூட அறிந்ததில்லை. சந்தை மரத்துக் கொக்குகள் அத்தனையும் எழுந்து பறந்தன, மலைக்கோயிலில் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்த மலைக்காரர்கள் கரண்டியை நிறுத்தினார்கள். "எம் புள்ள! ஐயோ எம் புள்ள!" அந்தக் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல், இன்னும் பத்துக் குரல், அப்புறம் ஊரே ஒரே வாயாக ஐயோ என்றது. எல்லோரும் தத்தம் பிள்ளைகளைத் தேடினார்கள், கிடைத்த பிள்ளையைக் கட்டிக்கொண்டார்கள், அடுத்தவர் பிள்ளையையும் கட்டிக்கொண்டார்கள். ஜபருல்லா பாய் வெந்த விரலை உதறிக்கொண்டு ஓடிவந்தார். "பாத்து! பாத்துத் தூக்குங்கடா! பாத்து!" என்று தீர்த்தகிரி கதறினான், அவன் கை நடுங்கியது, முழங்கால் நடுங்கியது, நடுங்குகிற கைகள் அத்தனையும் சேர்ந்து ஜாக்கி இல்லாமல் கயிறு இல்லாமல் அந்த வண்டியைத் தூக்கி அப்பால் வைத்தன.

அங்கமுத்து குழந்தையைத் தூக்கி நீட்டினான். மாதேஸ்வரி முதலில் குழந்தையை வாங்கினாள், பிறகு அண்ணனைக் கன்னத்தில் ஒன்று வைத்தாள், பிறகு அவன் கையைப் பிடித்து மேலே இழுத்தாள், பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். தேனு கூட்டத்தைப் பார்த்து மிரண்டு அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அன்று மலைக்கு யாரும் போகவில்லை. வெயில் உச்சிக்கு வந்தும் மாதேஸ்வரி குழந்தையை இறுக்கிய கையை எடுக்கவில்லை. குழந்தைக்குப் பசிக்கும், கையைத் தளர்த்து, கொஞ்சம் கீழே விடு என்று இராசாத்தியம்மாள் பக்கத்தில் போனாள். மாதேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். இராசாத்தியம்மாள் திரும்பி வந்துவிட்டாள். தீர்த்தகிரி எழுந்தான், இரண்டடி வைத்தான், உட்கார்ந்துவிட்டான். அந்தப் பிடியைப் போய்ப் பிரிப்பதற்கு ஊரில் ஒருவருக்கும் தைரியம் இருக்கவில்லை.